தாத்தா எந்தப் படையில் இருந்தார்?

(கமுந்திங்கில் நடைபெற்ற தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கமுந்திங் என்ற பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது தடுப்பு முகாம்தான். 2012-இல் ரத்து செய்யப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எத்தனையோ பேர் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்த இடம் இது. ஆனால் கமுந்திங்கிற்கும் பக்கத்திலிருக்கும் தைப்பிங்கிற்கும் அதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. அது படைகளின் கதை. 1896-இல் உருவான மலாய் மாநிலக் காவற்படைக்குத் தலைமையிடம் தைப்பிங்தான். அந்தப் படையில் பெரும்பாலோர் சீக்கியர்கள். பிறகு பிரிட்டிஷ் படை, ஜப்பானியப் படை, நேதாஜியின் படை, காமன்வெல்த் படை என்று ஒன்றன்பின் ஒன்றாக இந்த மண்ணில் முகாமிட்டுச் சென்றிருக்கின்றன.

அதனால்தானோ என்னவோ, இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு போர்க்கதை இருக்கிறது. அந்தக் கதைகளில் எது உண்மை, எது கூட்டிச் சொன்னது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பிறரைக் குறை சொல்வதற்கு முன்னால் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் நடத்திய ஒரு நிகழ்ச்சிக்கு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்திருந்தார். தம் தாத்தா இந்திய தேசிய இராணுவத்தில் கர்னலாக இருந்தார் என்றார். 1942-இல் நேதாஜியின் பக்கத்தில் நின்று இம்பால் போர்க்களத்தில் சண்டையிட்டார் என்றார். பழைய புகைப்படம் ஒன்றையும், பதக்கம் ஒன்றையும் காட்டினார். நான் உருகிப்போனேன். கேமராவைப் பார்த்து "இந்த மாவீரருக்கு நம் வீர வணக்கம்" என்றேன். அரங்கம் கைதட்டியது.

இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கமுந்திங்கிலிருந்து ஒரு பாட்டி பேசினார். கோபமாகப் பேசவில்லை. "பாப்பா, 1942-ல நேதாஜி இங்க வரவே இல்லியே. நீ படிச்ச பிள்ளை. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தைப் புரட்டினேன். பாட்டி சொன்னது சரி. சுபாஷ் சந்திர போஸ் 1942-இல் ஜெர்மனியில் இருந்தார். நீர்மூழ்கிக் கப்பலில் பயணம் செய்து, ஜப்பான் வழியாக அவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1943 ஜூலை 2. இம்பால் போர் நடந்தது 1944 மார்ச் முதல் ஜூலை வரை. கர்னல் பதவி விஷயமும் இடித்தது. அந்தப் படையில் கர்னல்கள் மிகச் சிலர். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதிகாரிகளாக இருந்தவர்கள். தோட்டத்திலிருந்து போன இளைஞர் ஒருவர் கர்னல் ஆனார் என்றால், நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். கேட்கவில்லை.

அந்தப் பேரன் பொய் சொல்ல வந்தார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவர் காதில் விழுந்ததைச் சொன்னார். சரிபார்க்க வேண்டியது என் வேலை.

பிறகு அந்தப் பாட்டியைத் தேடிப் போனேன். இப்போது அவர் தொண்ணூறு வயதைத் தொட்டுவிட்டார். 1943-இல் அவருக்கு எட்டு வயது. அண்ணனுக்குப் பதினேழு. தைப்பிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்தார்கள். அண்ணன் ஒரு நாள் காலையில் படைக்குப் போகிறேன் என்று புறப்பட்டார். அவ்வளவுதான். கடிதம் இல்லை, புகைப்படம் இல்லை, பதக்கம் இல்லை. "எங்க அண்ணன் பேரு எதுலயும் இல்ல பாப்பா. இல்லாதவங்களுக்குக் கைதட்டுறீங்க. இருந்தவனுக்கு ஒரு விளக்கு கூட இல்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

தைப்பிங்கில் உண்மையில் நடந்தது

முதலில் வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்திய தேசிய இராணுவம் நேதாஜி வருவதற்கு முன்பே தோன்றிவிட்டது. 1941 டிசம்பரில் ஜித்ரா தோல்விக்குப் பிறகு கேப்டன் மோகன் சிங் ஜப்பானியருடன் சேர்ந்தார். 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் போர்க்கைதிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் மோகன் சிங்குக்கும் ஜப்பானியருக்கும் பிணக்கு ஏற்பட்டு, அந்த முதல் முயற்சி கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி தலைமை ஏற்ற பிறகுதான் மலாயா முழுவதிலுமிருந்து தொழிலாளர்களும் கடைக்காரர்களும் மாணவர்களும் அலை அலையாகச் சேர்ந்தார்கள்.

1943 செப்டம்பரில் காந்தி, ஆசாத், நேரு ஆகிய மூன்று படைப் பிரிவுகளிலிருந்தும் ஆட்களைத் தேர்ந்தெடுத்து முதலாவது கெரில்லா ரெஜிமென்ட் அமைக்கப்பட்டது. வீரர்கள் அதைச் சுபாஷ் பிரிகேட் என்று அழைத்தார்கள். அது அமைக்கப்பட்ட இடம் நம் தைப்பிங். அதன் தளபதி ஷா நவாஸ் கான். இதே ஷா நவாஸ் கான்தான் 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டை விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர். 1944-இன் தொடக்கத்தில் அந்தப் பிரிவு பர்மாவுக்குச் சென்றது. அங்கே குண்டடிபட்டு மடிந்தவர்கள் உண்டு. மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பசியிலும் மடிந்தவர்களோ மிகப் பலர்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். படையில் சேர்ந்த அனைவரும் நாட்டுப்பற்றினால் மட்டுமே சேரவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் நம் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அங்கே போய்ச் சாவதைவிடப் படையில் சேர்ந்தால் ஒரு வேளைச் சோறாவது கிடைக்கும் என்று சேர்ந்தவர்கள் இருந்தார்கள். அதில் என்ன வெட்கம்? பதினேழு வயதில் பசியோடும் பயத்தோடும் போனவனும் வீரன்தான். அவனைக் கர்னலாக்கினால்தான் நமக்குப் பெருமை என்று நினைப்பதுதான் அவனுக்குச் செய்யும் அவமரியாதை.

கூட்டிச் சொல்வதும் ஒரு வகைப் பொய்

வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தாத்தா முகாமில் சமையல் வேலை பார்த்திருப்பார். மகன் சொல்லும்போது சிப்பாய் ஆகிவிடுவார். பேரன் சொல்லும்போது கேப்டன். கொள்ளுப்பேரன் மேடை ஏறும்போது நேதாஜியின் மெய்க்காப்பாளர். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுப் பொய் சொல்வதில்லை. ஆளுக்கொரு பிடி உப்புச் சேர்க்கிறார்கள். கடைசியில் சோறு வாயில் வைக்க முடிவதில்லை.

புகழ்பெற்ற ஜான்சி ராணி படையையே எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த அந்தப் பெண்கள் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் தொடங்கியது. நம் நாட்டிலிருந்து ஜானகி தேவர், ராசம்மா நவரத்தினம் போன்ற இளம்பெண்கள் சேர்ந்தார்கள். ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் என்று பின்னாளில் நாம் அறிந்தவர்கள் இவர்கள்தாம். ராசம்மா நம் ஈப்போ மண்ணின் மகள். இந்தப் பெண்கள் போர்முனையில் துப்பாக்கி ஏந்தி ஆங்கிலேயரை எதிர்த்துச் சுட்டார்கள் என்று மேடைகளில் பேசுகிறோம். டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் வேரா ஹில்டெப்ராண்ட், உயிரோடு இருந்த வீராங்கனைகளைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டு 2016-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் நேரடிப் போரில் ஈடுபடவில்லை என்பதும், படையின் எண்ணிக்கை வழக்கமாகச் சொல்லப்படும் ஆயிரத்தைவிடக் குறைவு என்பதும் அவருடைய முடிவு.

இதனால் அவர்கள் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை. 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் சேற்றிலும் ஆற்றிலும் இறங்கி அந்தப் பெண்கள் பாங்காக் நோக்கி வந்தார்கள். நேதாஜியும் அவர்களோடு நடந்தார். பதினெட்டு வயதுப் பெண்கள் பட்ட இந்தப் பாடு போதாதா? நடக்காத சண்டையை இதற்கு மேல் ஏன் சேர்க்க வேண்டும்?

பணம் வந்ததும் பொய் வந்தது

வீட்டுப் பெருமைக்காகக் கூட்டிச் சொல்வது ஒரு வகை. பணத்துக்காகப் பொய் சொல்வது வேறு வகை. இந்திய அரசு 1972-இல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. சிறை ஆவணம் கிடைக்காதவர்கள், உடன் சிறையில் இருந்தவர்களிடம் சான்றிதழ் வாங்கித் தரலாம் என்று விதியில் வழி செய்தார்கள். நல்ல எண்ணத்தில் திறந்த கதவு அது. அதன் வழியாகவே போலிகளும் நுழைந்தார்கள்.

மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். நிஜாம் ஆட்சியை எதிர்த்துப் போராடியதாகச் சொல்லிப் பலர் ஓய்வூதியம் பெற்றார்கள். புகார் எழுந்து நீதிபதி பால்கர் ஆணையம் விசாரித்தது. போராட்டம் நடந்த காலத்தில் சின்னஞ்சிறு குழந்தைகளாக இருந்திருக்கக் கூடியவர்களெல்லாம் வீரர்கள் பட்டியலில் இருந்தது தெரியவந்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய், 2005-இல் தீர்ப்பு வந்தது. பொய் சொல்லிப் பெற்ற சலுகை மோசடியே என்பதை அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொன்னது.

இது இந்தியர்களிடம் மட்டும் உள்ள நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ரெக்ஸ் கிரேன் என்று ஒருவர் இருந்தார். போர்க்காலத்தில் ஜப்பானியரிடம் சிக்கிப் பர்மா ரயில் பாதையில் சித்திரவதைப்பட்டதாகச் சொன்னவர். அந்நாட்டின் முன்னாள் போர்க்கைதிகள் சங்கத்துக்கே தேசியத் தலைவராக உயர்ந்தார். 2009-இல் லினெட் சில்வர் என்ற வரலாற்று ஆய்வாளர் அவர் கதையைத் துருவிப் பார்த்தார். போர் நடந்தபோது அந்த மனிதர் ஆஸ்திரேலியாவில் பள்ளி மாணவராக இருந்தார் என்ற குட்டு வெளிப்பட்டது. அதற்குள் அவர் வாங்கியிருந்த ஓய்வூதியம் 4 லட்சம் டாலருக்கும் மேல். 2010-இல் நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

எண்ணிப் பாருங்கள். நம் தாத்தாக்கள் ஆயிரக்கணக்கில் செத்து, பெயர்கூடப் பதியப்படாமல் புதைந்த அதே ரயில் பாதை. அங்கே கால் வைக்காத ஒருவர் அதைச் சொல்லி அரை ஆயுள் கௌரவமாக வாழ்ந்திருக்கிறார்.

அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். 2005-இல் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம், பெறாத பதக்கத்தைப் பெற்றேன் என்று சொல்வதையே குற்றம் என்றது. கலிபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரிய உறுப்பினர், நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் தமக்குக் கிடைத்தது என்று கூட்டத்தில் சொல்லி மாட்டிக்கொண்டார். ஆனால் 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெறுமனே பொய் பேசுவதற்காக ஒருவரைத் தண்டிப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்று சட்டத்தை ரத்து செய்தது. 2013-இல் புதிய சட்டம் வந்தது. பணமோ பலனோ அடைவதற்காகச் சொன்னால் மட்டுமே அது குற்றம். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 140-ஆவது பிரிவு, படைவீரர் அல்லாதவர் தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்பும்படி சீருடை அணிவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் வீட்டுக் கூடத்தில் சொல்லப்படும் கதையை எந்தச் சட்டமும் தொடாது. அதற்கு மனசாட்சிதான் காவல்.

தாள் இல்லாதவர்கள் பொய்யர்களா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. போலிகள் இருக்கிறார்கள் என்பதற்காக, "ஆவணம் எங்கே?" என்று மட்டும் கேட்டால் உண்மையானவர்களும் அடிபட்டுப் போவார்கள். பின்வாங்கும்போது அழிந்த ஆவணங்கள் ஏராளம். போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பி வந்ததும், பலர் சீருடையையும் படங்களையும் தாங்களே எரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளி எந்தத் தாளைப் பத்திரப்படுத்தியிருப்பார்?

இந்திய உச்ச நீதிமன்றமே 2001-இல் குர்தியால் சிங் வழக்கில் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறது. கொலை வழக்கில் கேட்பதுபோல் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியத்தை இந்த முதியவர்களிடம் கேட்கக் கூடாது. நடந்திருக்கக் கூடியதா என்று பார்த்தால் போதும் என்பதே அதன் சாரம். ஆக, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கண்மூடி நம்பவும் கூடாது. கண்ணை உருட்டி மிரட்டவும் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? நான் இப்போது என் நிகழ்ச்சிகளில் ஐந்து கேள்விகள் கேட்கிறேன். நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, எந்த ஆண்டு, எந்த மாதம் சேர்ந்தார்? 1943 ஜூலைக்கு முன்பா, பின்பா? இரண்டாவது, எந்த முகாம், எந்தப் படைப் பிரிவு? மூன்றாவது, என்ன வேலை? சமையலா, லாரி ஓட்டினாரா, மருத்துவ உதவியா, துப்பாக்கிப் பிரிவா? நான்காவது, போர் முடிந்தபோது எங்கே இருந்தார்? ரங்கூனில் சரணடைந்தாரா, மலாயாவை விட்டே போகவில்லையா? ஐந்தாவது, கூட இருந்தவர்கள் யார்? அவர்கள் குடும்பம் சொல்லும் கதையோடு இது பொருந்துகிறதா?

உண்மையாகப் போனவரின் கதையில் சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கும். சோற்றில் கல் இருந்தது, பூட்ஸ் அளவு சரியில்லை, இந்துஸ்தானி மொழியில் கட்டளை புரியவில்லை என்பார்கள். பொய்க் கதையில் பெரிய மனிதர்கள் மட்டுமே வருவார்கள். பதக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். பழம்பொருள் கடையில் பதக்கம் விலைக்குக் கிடைக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் தில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய இராணுவம் பற்றிய கோப்புகள் இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவர்கள் மனம் வைத்தால் தேடிப் பார்க்கலாம்.

பெயரில்லாத கல்லறைகள்

இங்கிருந்து சிறிது தூரத்தில், புக்கிட் லாருட் மலைக்குப் போகும் வழியில் தைப்பிங் போர்க் கல்லறை இருக்கிறது. சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள். மறுபக்கம் இந்து, முஸ்லிம், சீக்கிய, கூர்க்கா வீரர்கள். பிரிட்டிஷ் அணியில் நின்று இந்த நாட்டைக் காக்கப் போரிட்டு மாண்டவர்கள் அவர்கள். 800-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் பாதிக்கும் மேலானவை யாருடையவை என்றே தெரியாதவை. ஆனாலும் அவற்றுக்குக் கல் இருக்கிறது, புல் வெட்ட ஆள் இருக்கிறது.

இந்திய தேசிய இராணுவத்தின் அறியப்படாத வீரனுக்காக 1945 ஜூலை 8 அன்று நேதாஜி சிங்கப்பூர்க் கடற்கரையில் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995-இல்தான் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வந்தது. அந்தப் பாட்டியின் அண்ணனுக்கு இருக்கும் நினைவிடம் அது ஒன்றுதான். அங்கேயும் அவர் பெயர் இல்லை.

போலி வீரர் ஒருவர் மேடையில் நின்று மாலை வாங்கும்போது யாருக்கு நஷ்டம் என்று சிலர் கேட்கிறார்கள். இவருக்குத்தான் நஷ்டம். ஒரு பொய் பிடிபட்டதும் ஊர் என்ன சொல்கிறது? "எல்லாக் கதையும் இப்படித்தான்" என்கிறது. ஒரு கர்னல் பொய்யானால் நூறு சிப்பாய்கள் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு தாள்கூட இல்லாததால், நம் நாவின் நாணயம் ஒன்றே அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி.

ஆகவே அன்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். தாத்தாவோ, பாட்டியோ, பெரியப்பாவோ போர்க்காலத்தில் என்ன செய்தார் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். சமைத்தார் என்றால் சமைத்தார். ஓடி ஒளிந்தார் என்றால் ஓடி ஒளிந்தார். போனார், திரும்பவில்லை என்றால் அதுவும் ஒரு வரலாறுதான்.

கடைசியாக, ஒரு கடமை பாக்கி இருக்கிறது. என் நிகழ்ச்சியில் 1942-இல் இம்பாலில் நேதாஜியோடு போரிட்ட கர்னல் என்று ஒருவரை நான் அறிமுகப்படுத்தினேன். அது சரிபார்க்கப்படாத செய்தி. அதற்காக நேயர்களிடமும், கமுந்திங்கிலிருந்து என்னைத் திருத்திய பாட்டியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்று கேமராவைப் பார்த்துச் சொன்ன வீர வணக்கத்தை, 1943-இல் தைப்பிங் தோட்டத்து லயத்திலிருந்து பதினேழு வயதில் புறப்பட்டுப் போய்த் திரும்பி வராத அந்த அண்ணனுக்கு இன்று மாற்றிச் சொல்கிறேன்.